டீம் டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது!

புது ஊருக்கு வேலைக்குப் போனால் எல்லோரும் முதலில் ரூம் பார்ப்பார்கள், அப்புறம் மெஸ் பார்ப்பார்கள். 2016-ல் திருநெல்வேலியிலிருந்து திருத்தணிக்கு வந்த நான், மூன்றாவதாக ஒன்று பார்த்தேன். கிரிக்கெட் டீம்!

சிரிக்காதீர்கள். டி.என்.பி.எல். ஆரம்பித்த வருஷம் அது. மொத்தம் எட்டு டீம். தூத்துக்குடி உண்டு, மதுரை உண்டு, காரைக்குடிகூட உண்டு. நெல்லையைக் காணோம்! (சங்கர் நகர் மைதானத்தில் மேட்ச் மட்டும் உண்டு. கல்யாண மண்டபம் நம்முடையது, மாப்பிள்ளை வேறு ஊர்.) துக்கத்தோடு பேப்பரைப் புரட்டினால்... 'திருவள்ளூர் வீரன்ஸ்'! திருத்தணி எந்த மாவட்டம்? திருவள்ளூர். கொடுப்பவனை கிரெடிட் செய் என்று பி.காமில் படித்தவன் நான். சோறு போடுகிற ஊரை கிரெடிட் செய்துவிட்டேன்.

அப்பாவுக்கு போன் போட்டேன். "ஏலே, ரேஷன் கார்டு மாத்த முன்னாடியே கட்சி மாறிட்டியா?" என்றார். அவர் தூத்துக்குடி பக்கம். பக்கத்து ஊராம்.

மலை மேல் 365 படி ஏறி முருகனிடம் மனு கொடுத்தேன். கப்பைத் தூத்துக்குடி தூக்கிக்கொண்டு போனது. திருச்செந்தூர் அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பதை வேண்டிக்கொள்ளும்போது நான் யோசிக்கவில்லை.

வீரன்ஸ் திருவள்ளூரில் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. அந்த வருஷ மேட்ச் எல்லாம் சேப்பாக்கம், நத்தம், சங்கர் நகரில்தான். சரி, டி.வி. இருக்கிறதே என்று சமாதானம் செய்துகொண்டேன். 2018-ல் அடுத்த இடி. டீம் பெயர் 'காஞ்சி வீரன்ஸ்' ஆகிவிட்டது! காஞ்சியில் ஏற்கெனவே இருந்த டீம் திருச்சிக்குக் குடி போயிருந்தது.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் புலம்பினேன். அறுபது வயசு மாஸ்டர், தெலுங்கு கலந்த தமிழில் கேட்டார். "டீம் மாறினதுக்கா சார் இவ்ளோ ஃபீலிங்கு? நான் பொறந்தப்ப இந்த ஊர் ஆந்திரா. 1960 ஏப்ரல் ஒண்ணாம் தேதி மெட்ராஸ் ராஜ்யமாயிடுச்சு. சித்தூர் ஜில்லா, செங்கல்பட்டு, இப்ப திருவள்ளூர்... மூணு ஜில்லா பார்த்துட்டேன். வீட்டை விட்டு ஓரடி நகரலையே!"

பிறகு வாயைத் திறப்பேனா?

2021-ல் அப்பாவே போன் செய்தார். என் டீம் கை மாறி, மறுபடி ஊர் மாறி... 'நெல்லை ராயல் கிங்ஸ்'! அவருடைய தூத்துக்குடி டீமும் சேலத்துக்குப் போய்விட்டது. "உன் டீமே நம்ம ஊருக்கு வந்துட்டு. நீ எப்பம்ல வருவே?"

தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது. "ஃபைனலுக்கு வாரேன்ப்பா" என்றேன். எப்படியும் போக மாட்டார்கள் என்ற தைரியம்தான்.

போய்விட்டார்கள். 2023 ஜூலை 12. அதுவும் சங்கர் நகரில்! லீவு போட்டு ரயில் ஏறினேன். கோவை 205 ரன். நாங்கள் 101-க்கு ஆல் அவுட். விக்கெட் விழ விழ அப்பா என் கையில் கடலையைத் தட்டிக்கொண்டே இருந்தார். கடைசி பந்து வரை எழுந்திருக்கவில்லை. நானும்தான்.

ரெண்டு நாள் கழித்துத் திருத்தணி. டீ ஆற்றிக்கொண்டே மாஸ்டர் கேட்டார்.

"என்னா சார், நம்ம டீம் இப்படி தோத்துடுச்சே?"