குறைந்த அபாயம் என்பது அபாயமின்மை அன்று

1993 செப்டம்பர் 30 அதிகாலையில், மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்தில் உள்ள கில்லாரியை மையமாகக் கொண்டு ஏற்பட்ட நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 8,000 பேர் உயிரிழந்தனர். அன்றைய நிலநடுக்க வரைபடத்தில் அப்பகுதி மிகக் குறைந்த அபாயமுள்ள முதலாம் மண்டலத்தில் இருந்தது. 2002-இல் வெளியான திருத்தத்தில் அம்மண்டலமே நீக்கப்பட்டு இரண்டாம் மண்டலத்துடன் இணைக்கப்பட்டது. அத்திருத்தத்தில் சென்னை மூன்றாம் மண்டலத்துக்கு உயர்ந்தது; தஞ்சாவூர் இரண்டாம் மண்டலத்தில், அதாவது கடைசிப் படியில், வைக்கப்பட்டது.

புவித்தட்டுகளின் எல்லை இமயமலையில் இருக்க, காவிரிப் படுகைக்கு என்ன கவலை என்று கேட்கலாம். இந்தியத் தட்டு வடக்கு நோக்கி நகர்ந்து யுரேசியத் தட்டோடு மோதுவதால் எழும் அழுத்தம் எல்லையோடு நின்றுவிடுவதில்லை. தீபகற்பத்தின் பழைய பிளவுகளிலும் அது மெல்லச் சேர்கிறது. 1900-இல் கோயம்புத்தூர்ப் பகுதியும், 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பாலுள்ள கடற்பகுதியும் அதிர்ந்தது இவ்வாறுதான். எண்ணெய்க்காகத் துளையிடப்படும் காவிரிப் படுகையும் கோண்டுவானாப் பெருநிலம் பிளந்தபோது உருவான பள்ளமே.

மண்டல எண்ணை மட்டும் பார்ப்பது போதாது; மண்ணையும் கட்டடத்தையும் பார்க்க வேண்டும். 2001 ஜனவரி 26 அன்று கட்ச் பகுதி அதிர்ந்தபோது, 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஆற்று வண்டல் அதிர்வைப் பெருக்கியதும், வாகனம் நிறுத்துவதற்காகச் சுவரின்றித் தூண்களில் மட்டும் நின்ற தரைத்தளங்களும் அதற்குக் காரணங்கள். வண்டலே நிலமாக அமைந்த டெல்டாவின் நகரங்களில் இன்று அதே வகைக் கட்டடங்கள் எழுகின்றன. ஆயிரம் ஆண்டுகளாகப் பெரிய கோயில் நிற்கிறதே என்பது ஆறுதலாகாது. நம் வீடுகள் அவ்வாறு கட்டப்பட்டவை அல்ல.

அரிதாக நேரும் பேரிழப்புக்கு எவ்வளவு செலவிடலாம் என்பது பொருளியலின் பழைய கேள்வி. இங்கு விடை எளிது. கதவு, சன்னல்களுக்கு மேல் எல்லாச் சுவர்களையும் இணைத்து ஓடும் கான்கிரீட் பட்டையும் மூலைகளில் கம்பியும், கட்டும்போதே அமைத்தால் சிறு கூடுதல் செலவில் முடியும். கட்டிய பின் வலுப்படுத்துவதோ பன்மடங்கு செலவு. ஏழைக் குடும்பத்துக்கு அது இயலாது.

ஆகவே இரண்டு இடங்களில் அரசு தலையிடலாம். ரூ.3.5 லட்சம் வழங்கப்படும் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் இப்பட்டையைக் கட்டாயமாக்கி, அதற்குரிய தொகையைச் சேர்த்து வழங்கலாம். 2024 ஜூலை முதல் சிறு வீடுகளுக்குச் சுயசான்றின் அடிப்படையில் கள ஆய்வின்றி உடனடி அனுமதி கிடைக்கிறது. வரவேற்கத்தக்க எளிமைதான், ஆனால், அவற்றில் சிலவற்றையேனும் கட்டுமானத்தின்போது பொறியாளர் நேரில் பார்க்க வேண்டும்.

2004-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீக்கிரையான பின்னரே பள்ளிகளின் கூரைகளை நாம் அண்ணாந்து பார்த்தோம். சுவர்களைப் பார்ப்பதற்கும் அப்படியொரு நாள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.