இருட்டிலிருந்து 'இனிமேல்' வரை

ஸ்ருதி ஹாசன் சினிமாவில் முதன்முதலில் பாடியது 1992-ல், 'தேவர் மகன்' படத்துக்காக. பொள்ளாச்சி வட்டாரத்தில் எடுத்த படம் அது. பாடியவர் ஆறு வயதுச் சிறுமி. 2024 மார்ச்சில் வந்த 'இனிமேல்' இசைக் காணொளியில் அவருக்கு ஜோடி, அதே பொள்ளாச்சிக்குப் போகும் சாலையில் இருக்கும் கிணத்துக்கடவுக்காரரான இயக்குநர் லோகேஷ் கனகராஜ். அதனால் கோவைப் பக்கம் அந்தப் பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே லோகேஷின் பெயர்தான் முன்னால் வருகிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

ஸ்ருதியின் முந்தைய காணொளிகளோடு சேர்த்துப் பார்த்தால் காரணம் புரியும். ஊரடங்கு ஆண்டான 2020-ல் அவர் வெளியிட்ட 'எட்ஜ்' வீட்டுக்குள்ளேயே எடுத்தது. 2023-ல் வந்த 'மான்ஸ்டர் மெஷின்' முழுக்கக் கறுப்பும் இருளும். இரண்டுமே ஆங்கிலப் பாடல்கள். 'இனிமேல்' தமிழுக்கு வந்தது. வரிகள் அப்பா கமல் ஹாசனுடையவை, இசையும் கருவும் மகளுடையவை. காதலித்து, குடித்தனம் நடத்தி, சலித்துப்போகும் ஒரு ஜோடியின் கதை. சினிமாப் பாட்டில் நாயகி எப்படித் தெரிய வேண்டும் என்பதைப் பெரும்பாலும் வேறு யாரோதான் முடிவு செய்கிறார்கள். இங்கே மெட்டுப் போட்டவரே தன் முகத்தையும் முடிவு செய்கிறார். மை தீட்டிய கண்களோடு இருட்டில் நின்று மிரட்டுவதைவிட, வாடகை வீட்டிலும் சொந்த வீட்டிலும் நாம் தினம் பார்க்கிற சலிப்பை முகத்தில் காட்டுவதற்கு அதிகத் துணிச்சல் வேண்டும். ஸ்ருதியின் காணொளிகளில் இதுவே ஆகச் சிறந்தது என்பேன்.

இனியாவது அதை 'லோகேஷ் நடித்த பாட்டு' என்று சொல்லாதீர்கள். அது ஸ்ருதி இசையமைத்த பாட்டு.