வலை பின்னாத சிலந்தி

நாஞ்சில் நாடு நெல்வளம் மிக்க நன்னாடு. தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களின் வயல்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோகம் விளையும். உழுவோரும் நடுவோரும் அறுப்போரும் அவ்வயல்களுக்கு ஆற்றும் தொண்டினை யாவரும் அறிவர். கூலி கேளாது பயிர் காக்கும் சிற்றுயிர் ஒன்றும் அங்கு உண்டு. அதுவே ஓநாய்ச் சிலந்தி.

சிலந்தி என்றவுடன் வலையே நினைவிற்கு வரும். இச்சிலந்தியோ இரை பிடிக்க வலை பின்னுவதில்லை. தரையிலும் நெற்றூரிலும் ஓடித் திரிந்து, இரையைப் பாய்ந்து பற்றும். ஓநாய்ச் சிலந்திக் குடும்பத்துப் பேரினங்களுள் ஒன்று பார்டோசா. அதற்கு 1847-ஆம் ஆண்டில் அப்பெயரைச் சூட்டியவர் கோச் என்னும் செருமானிய அறிஞர். அதன்கண் 500-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. ஆசிய நெல்வயல்களில் வாழும் இனம் பார்டோசா சூடோஅன்னுலேட்டா எனப்படும். அதன் எட்டுக் கண்களும் மூன்று வரிசையாக அமைந்தவை. தாய்ச்சிலந்தி முட்டைப்பையைத் தன் உடலின் பின்முனையில் சுமந்து திரியும். குஞ்சுகள் வெளிவந்தபின் அவற்றை முதுகில் ஏற்றிக் காக்கும்.

நெல்லுக்குக் கொடும்பகை புகையான் என்னும் பூச்சி. அது தூரின் அடியில் மொய்த்துச் சாற்றை உறிஞ்ச, பயிர் தீய்ந்தாற்போல் காய்ந்து சாயும். வளர்ந்த ஓநாய்ச் சிலந்தி நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை உண்ணும், நெல்லையோ தீண்டாது.

புகையானைக் கண்டு அஞ்சி நஞ்சு தெளிப்போர் பலர். புகையானின் முட்டைகள் இலையுறைக்குள் பொதிந்திருத்தலின் அந்நஞ்சுக்குத் தப்பிவிடும். வெளியே திரியும் சிலந்தியோ மடியும். பின்னர்ப் பொரிந்து வரும் இளம்பூச்சிகள் பகையின்றிப் பல்கிப் பெருகும். இவ்வாறு நோய் தீர்க்க இட்ட மருந்தே நோயை வளர்த்துவிடுகிறது. இந்தோனேசிய நாடு இவ்வுண்மையைப் பட்டறிந்து, 1986-ஆம் ஆண்டில் நெல்லுக்குத் தெளிக்கும் 57 வகைப் பூச்சிமருந்துகளைத் தடை செய்தது.

நஞ்சின்றி வேளாண்மை நடவாது என்பார் சிலர். பூச்சி எல்லை மீறிப் பெருகியவிடத்து மருந்து வேண்டப்படுதல் உண்மையே. ஆயினும், வயலில் இறங்கித் தூரை விலக்கிப் பூச்சி எத்துணை, சிலந்தி எத்துணை என்று பாராமல், நாள் குறித்துத் தெளித்தல் அறிவுடைமை ஆகாது. எதிரியை அறிதல் போலவே துணைவனை அறிதலும் உழவனுக்குக் கடமையாகும்.

வயல்கள் மனைகளாக மாறி, நெல் விளையும் நிலம் சுருங்கிவரும் காலம் இது. எஞ்சிய நிலத்திலேனும் இக்காவலர்க்கு இடம் தருதல் வேண்டும். வேலியை வெட்டிவிட்டுப் பயிரைக் காப்பார் உளரோ?