உயிர் தப்பினதே பெரிசு, தழும்பென்ன?

ஒப்பரேசன் முடிஞ்சு வீட்டுக்கு வாற ஆளிட்ட எங்கட சனம் சொல்லுறது ரெண்டே ரெண்டு கதைதான். ஆம்பிளை என்றால், "உயிர் தப்பினதே பெரிசு, தழும்பென்ன தழும்பு." கலியாணமாகாத பிள்ளை என்றால், "ஐயோ, அடையாளம் விழப்போகுதே." முதலாவது கதை நோவைப் பற்றிப் பேசவே விடாது. இரண்டாவது, ஒரு பெண்ணின் வயிற்றைச் சீதனப் பேச்சுக்குள் இழுத்து வருகிறது. இரண்டையும் நாங்கள் மறுக்கிறோம். தழும்பைப் பராமரிப்பது அழகு பார்க்கிற வேலை இல்லை. அது வைத்தியத்தின் மிச்சப் பாதி.

இழை வெட்டிய அன்றோடு காயம் ஆறிவிட்டது என்று நினைக்கிறோம். இல்லை. மூன்று கிழமை கழிந்தும் அந்த இடத்துக்குப் பழைய தோலின் பலத்தில் மூன்றிலொரு பங்குகூட வந்திருக்காது. மூன்று மாதமளவில் 80 சதவீதத்தை நெருங்கும், அதற்கு மேல் பெரிதாக ஏறாது. தழும்பு இளகி, தட்டையாகி, நிறம் அடங்க ஒரு வருசத்துக்கு மேலும் எடுக்கலாம். சிலருக்கு அது தடிக்கும், கடிக்கும், இழுக்கும். மூட்டுக்கு மேலே இருந்தால் கையை நீட்டவே விடாது. சிலருக்குக் கெலோயிட் வரும். அது காயத்தின் எல்லையையும் தாண்டி வளருகிற தழும்பு, எங்களைப்போல கறுத்த தோல்காரருக்குக் கூடுதலாக வருவது. அதை வெறுமனே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் திரும்ப முளைக்கும். இதையெல்லாம் "அழகுப் பிரச்சினை" என்று எப்படித் தள்ளிவிட முடியும்?

வீட்டு வைத்தியத்துக்கு வருவோம். "புண்ணை மூடாத, காத்துப்படட்டும்" என்பது எங்கட வீடுகளில் வேதவாக்கு. 1962இல் ஜோர்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளில் செய்த ஆய்வு வேறு கதை சொன்னது. மூடி, ஈரப்பதத்தோடு வைத்த காயத்தில் புதுத்தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகப் படர்ந்தது. அடுத்தது கிரந்தி. இறால் கூடாது, முட்டை கூடாது, தக்காளி கூடாது. ஆனால் புதுத்தோல் கட்டப் புரதமும் விற்றமின் சீயும் வேண்டும். ஒவ்வாமை இல்லாத ஆளுக்கும் இதையெல்லாம் நிப்பாட்டி வெறும் கஞ்சியோடு விடுவது எந்த வகைப் பத்தியம்? அம்மம்மாமாரின் அக்கறையில் எங்களுக்குச் சந்தேகமில்லை. அந்த அக்கறைக்குச் சரியான தகவலை ஒருவரும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை என்பதுதான் எங்கட கோபம்.

அந்த வெற்றிடத்துக்குள்தான் கிறீம் வியாபாரம் புகுந்திருக்கு. "ஏழே நாளில் தழும்பு மறையும்" என்று விற்பவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: ஒரு வருசமாய் மாறிக்கொண்டிருக்கிற தழும்பு ஏழு நாளில் எங்கே போகும்? விற்றமின் ஈ பூசினால் நல்லதென்று எல்லாரும் சொல்லுவினம். 1999இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில் அது தழும்பைக் குறைக்கவில்லை, பூசியவர்களில் மூன்றிலொரு பங்கினருக்குத் தோல் ஒவ்வாமைதான் வந்தது.

உண்மையில் உதவுகிறவை விளம்பரத்துக்கு வராத சாதாரண விசயங்கள். காயம் முழுதாக மூடியபிறகு சிலிக்கன் ஜெல் அல்லது சிலிக்கன் தாள், ஒவ்வொரு நாளும், குறைந்தது இரண்டு மூன்று மாதம். அது விலை என்றால் பார்மசியில் கிடைக்கிற மெல்லிய பேப்பர் பிளாஸ்டர். தோலை இழுபடாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. சிசேரியன் செய்த பெண்களிடம் நடந்து 2005இல் வெளிவந்த ஆய்வில், அதை 12 கிழமை ஒட்டியவர்களுக்குத் தடித்த தழும்பு குறைவாகவே வந்தது. வெயில் படாமல் மூடி வைத்தால் கறுப்பது குறையும். புகைத்தலை நிப்பாட்டினால் காயத்துக்கு இரத்தம் ஒழுங்காகப் போகும். மூடிய தழும்பை மெதுவாக உருவி விடலாம். காயம் சிவந்து, சூடாகி, சீழ் வந்தால் பூச்சு வேண்டாம், உடனே வைத்தியரிட்டப் போங்கோ. தடித்து வளரத் தொடங்கினாலும் போங்கோ. ஊசி மருந்து இருக்கு.

இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். ஆனால் துண்டு வெட்டி வீட்டை அனுப்பும்போது கையில் தருவது பெரும்பாலும் அவசர ஆங்கிலத்தில் எழுதின ஒரு காட். "வோட்டில நிக்கவே இடமில்லை, இதையெல்லாம் விளங்கப்படுத்த ஆருக்கு நேரம்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தாதிமாரின் சுமை எங்களுக்கும் தெரியும். அதனால்தான் தாள் கேட்கிறோம். ஒருமுறை தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்தால் அது ஆற்றை நேரத்தையும் தின்னாது.

எங்கட மண்ணில் தழும்பு என்றைக்குமே வெறும் தோல் விசயமாக இருந்ததில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லித் தழும்பு தேடின காலத்தைக் கண்ட சனம் நாங்கள். 2019இல் இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம்வரை போன ஒரு வழக்கில், தஞ்சம் கேட்ட ஒரு தமிழரின் சூட்டுத் தழும்புகள் சித்திரவதையில் வந்தவையா, அவராகவே ஆரையும் கொண்டு போடுவித்தவையா என்பதே கேள்வி. அப்பெண்டிஸ் வெட்டின தழும்புக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்குமோ என்று பயந்த தலைமுறைக்கு "தழும்பென்ன தழும்பு" என்று சொல்ல ஆருக்கும் உரிமையில்லை.

தழும்பை மறைக்கச் சொல்லி நாங்கள் எழுதவில்லை. மறைப்பதும் காட்டுவதும் அவரவர் விருப்பம். ஆனால் தடிக்காமல், இழுக்காமல், கடிக்காமல் ஆறுவது நோயாளியின் உரிமை. அடுத்தமுறை உங்கட வீட்டில் ஆருக்கும் துண்டு வெட்டும்போது ஒரு கேள்வி கேட்டிட்டு வாங்கோ: "இந்தக் காயத்தை அடுத்த ஒரு வருசம் எப்படிப் பார்க்கிறது?" கேட்கிற ஆக்கள் கூடினால் அந்தத் தாள் அச்சாகும்.