பிரிக்கப்பட்ட பின்னல்

 

புதுக்கோட்டை மாவட்டத்து மத்ரஸா ஒன்றில் ஓதிக்கொடுக்கும் நம்மிடம், சென்ற கோடை விடுமுறையில் ஒரு தாய் முறையிட்டார்: “ஹஜ்ரத், பிள்ளை எந்நேரமும் உல்லன் நூலும் ஊசியுமாகவே இருக்கிறாள். இந்த வெயில் ஊரில் மப்ளர் யாருக்கு? கோபத்தில் பாதிப் பின்னலைப் பிரித்துப் போட்டுவிட்டேன்.”

அந்தப் பிள்ளை பின்னியது தன் பாட்டனாருக்காக. மார்கழிப் பனியில் ஸுப்ஹுத் தொழுகைக்கு வரும் நம் பெரியவர்கள் காதைச் சுற்றி மப்ளர் கட்டியிருப்பதை நாம் காண்கிறோம் அல்லவா?

சூரா அந்நஹ்லின் 92ஆவது வசனம், உடன்படிக்கையை முறிப்போரை எச்சரிக்கும்போது, தான் நூற்ற நூலைத் தானே குலைத்த பெண்ணை உவமையாக்குகிறது. வசனத்தின் கருத்து வாக்குறுதி பற்றியதே. ஆயினும் உழைத்து உருவாக்கியதைக் குலைப்பது அறிவீனம் என்பதை எவரும் உணர்வர் என்பதாலன்றோ அவ்வுவமை பொருந்துகிறது!

பின்னற்கலை நமக்கு அந்நியமானதன்று. ஸ்பெயினின் புர்கோஸ் நகர மடாலயத்தில், 1275இல் இறந்த இளவரசர் பெர்னாண்டோவின் கல்லறையில் கிடைத்த பின்னல் திண்டில் ‘பரகத்’ என்னும் அரபுச் சொல் பின்னப்பட்டுள்ளது. அது முஸ்லிம் கைவினைஞர்களின் வேலைப்பாடாகவே கருதப்படுகிறது. அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையால் உழைத்துத் தர்மம் செய்தவர்கள் என்பதை ஸஹீஹ் முஸ்லிம் வழியே அறிகிறோம்.

அப்பிள்ளை எடுத்தது பல வண்ண நூல். ஒரே இழையில் இடைவெளிவிட்டுப் பல சாயங்கள் ஏற்றியிருப்பர். எளிய பின்னலே போதும், நூலே கோலமிடும். ஆனால் வரிசையின் நீளமும் வண்ணங்கள் திரும்பிவரும் நீளமும் ஒத்துவிட்டால், ஒரே நிறம் ஓரிடத்தில் திட்டாகத் தேங்கிவிடும். அப்போது கண்ணிகளைக் கூட்டியோ குறைத்தோ, இரு நூற்கண்டுகளை இரண்டு வரிசைக்கு ஒருமுறை மாற்றியோ பின்ன வேண்டும். கணக்கும் பொறுமையும் இதில் உள்ளன. பின்னுபவளே பிழை கண்டு பிரித்தால் அது பாடம். பிறர் சினத்தால் பிரித்தால் அது காயம்.

தொழுகையும் பாடமும் தவறலாகாது. அதற்காகப் பெற்றோர் நேரத்தை வரையறுக்கலாம், கண்டிக்கவும் செய்யலாம். கைத்தொழிலை மட்டும் வீண் என்று இகழ வேண்டாம்.

“பிரித்த நூல் அழிந்துவிடவில்லை. அதைச் சுற்றி, உங்கள் கையாலேயே பிள்ளையிடம் கொடுங்கள்” என்று அத்தாயிடம் கூறினோம்.

நம் பிள்ளைகளின் கரங்களில் வல்ல அல்லாஹ் பரகத் செய்வானாக! ஆமீன்.