மெதுவாகப் போவது குற்றமா?

செவ்வாயில் ரோவர்கள் ஆமை வேகத்தில் ஊர்கின்றன, ஒரு மனிதர் ஒரே நாளில் முடிக்கும் வேலைக்கு மாதக்கணக்கில் எடுத்துக்கொள்கின்றன, ஆகவே அவற்றுக்குச் செலவிடுவது வீண் என்கிறார்கள். இதை ஏற்க முடியாது.

முதலில், அந்த மனிதர் எங்கே? இன்றுவரை ஒருவரும் செவ்வாயில் கால் வைக்கவில்லை. இல்லாத ஆளைக் காட்டி, இருக்கும் இயந்திரத்தை மட்டம் தட்டுவது நியாயமா?

மெதுவாகச் செல்லக் காரணம் உண்டு. பூமியிலிருந்து ஒரு கட்டளை போய்ச்சேர, கோள்களின் இடைவெளியைப் பொறுத்து, சுமார் 3 முதல் 22 நிமிடம் ஆகும். மணலில் சக்கரம் புதைந்தால் தூக்கிவிட அங்கே ஆள் இல்லை.

பலனைப் பாருங்கள். 90 நாள் உழைத்தால் போதும் என்று 2004இல் இறக்கப்பட்ட ஆப்பர்சூனிட்டி, 2018 வரை உழைத்து 45 கிலோமீட்டருக்கு மேல் கடந்தது. அதன் இணையான ஸ்பிரிட் பழுதான சக்கரத்தை இழுத்துச் சென்றபோது மண் கிளறப்பட்டு, சிலிக்கா செறிந்த வெள்ளைப் படிவு 2007இல் வெளிப்பட்டது. ஒருகாலத்தில் அங்கே வெந்நீரோ நீராவியோ இருந்ததற்கான சான்று அது.

மனிதர் போனால் உடலோடு கோடானுகோடி நுண்ணுயிர்களும் போகும். பிறகு உயிரின் தடயம் கிடைத்தால், அது செவ்வாயுடையதா நம்முடையதா என்று பிரித்தறிவது கடினமாகிவிடும். ரோவர்கள் தேடி முடிக்கும்வரை நாம் பொறுத்திருப்பதே அறிவியலுக்குச் செய்யும் நேர்மை.