கச்சேரி நாற்காலியும் கல்லூரி நாற்காலியும்

நம் இல்லங்களிலே பிள்ளையொருவன் கெட்டிக்காரனெனப் பெயரெடுத்துவிட்டால், அவன் எந்தக் கந்தோரில் எத்தகைய நாற்காலியில் அமர்வான் என்பதே பெற்றோரின் முதற் கனவாகிவிடுகின்றது. உத்தியோகத்துக்குச் செல்லும் படியாகக் கல்வியைக் காண்கிறோமேயன்றி, கல்விக்காக உத்தியோகத்தைத் துறப்பாரும் உண்டென்பதை நாம் எண்ணுவதில்லை. அவ்வாறு துறந்த ஒருவரைக் கல்முனைக் கரை நன்கறியும். அவர்தாம் ஜனாப் ஏ. எம். ஏ. அஸீஸ்.

1911 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிற் பிறந்த அஸீஸ், வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்றவர். பின்னர் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு கற்றார். 1935 இல் இலங்கைச் சிவில் சேவையில் அவர் சேர்ந்தபோது, அச்சேவையில் இடம்பெற்ற முதல் முஸ்லிம் என்னும் பெருமை அவருக்கு வாய்த்தது. அந்நாளில் இந்நாட்டார் எட்டக்கூடிய உத்தியோகங்களுள் அதனினும் உயர்ந்தது வேறில்லை எனலாம்.

1942 இல் உலக யுத்தம் நம் வாயிலுக்கே வந்தது. கொழும்பும் திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு ஆளாயின. ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே, அங்கிருந்து வந்த அரிசியும் நின்றுபோயிற்று. நாட்டின் பசியை நாட்டு வயல்களே தீர்க்கவேண்டிய நிலையில், நெற்செய்கையைப் பெருக்கும் பொருட்டுக் கல்முனையில் அவசரகாலக் கச்சேரி ஒன்று திறக்கப்பட்டது. உதவி அரசாங்க அதிபராக அங்கு வந்தவர் அஸீஸ்.

ஒருபுறம் கடலும் மறுபுறம் வயலுமாய் விரிந்த அக்கரையிலே அவர் நெல்லை மட்டும் பார்த்து அமைந்தாரில்லை. விளைச்சலுக்குப் பெயர்போன ஊர்களிலே உயர்கல்வி அரிதாயிருந்ததையும் கண்டார். நிந்தவூரிலும் சம்மாந்துறையிலும் மருதமுனையிலும் அறிவுடைய சிறுவருக்குக் குறைவில்லை. அவர்களை மேலே படிக்கவைக்கும் வழிதான் இல்லை. அண்டையிலுள்ள காரைதீவு, சுவாமி விபுலானந்தரின் பிறந்தவூர். அடிகளுடன் ஏற்பட்ட நட்பு அஸீஸின் கல்விச் சிந்தனைக்கு உரமாயிற்று. அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது. வசதியற்ற மாணவருக்குக் கைகொடுக்கும் அவ்வெண்ணமே 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக நாடளாவி விரிந்தது. கிழக்குக் கரையில் ஊன்றிய வித்து, நாடெங்கும் நிழல் தந்தது.

கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியை 1921 முதல் நடத்திவந்த ரி. பி. ஜாயா, ஆசிரியராயிருந்து அரசியலுக்குச் சென்ற பெரியார். 1947 இல் சுதந்திர இலங்கையின் முதல் மந்திரிசபைக்குத் தெரிவானவர். அவர் விட்டுச்சென்ற அதிபர் ஆசனத்தை ஏற்க, 1948 இல் அஸீஸ் சிவில் சேவையைத் துறந்தார். ஒரு மாகாணத்தையே ஆளும் பதவி எதிரே காத்திருக்க, பிள்ளைகளிடையே சென்று அமர்வதா என வியந்தோர் பலராயிருக்கலாம். ஆயின், கையெழுத்தொன்றாற் காணி வழங்கலாம். அறிவை அவ்வாறு வழங்கவியலாது என்பதைக் கல்முனை அவருக்குக் காட்டியிருந்தது என்றே நாம் கருதுகிறோம். 1961 வரை பதின்மூன்று ஆண்டுகள் அவர் அவ்வாசனத்தில் இருந்தார்.

அதிபராயிருக்கையிலேயே 1952 இல் மூதவை உறுப்பினராக நியமனம் பெற்றார். அவருடைய அரசியலுக்கு உரைகல்லாய் வந்தது 1956 ஆம் ஆண்டு. சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் மசோதாவைச் சேர் ராசிக் பரீத் போன்ற முஸ்லிம் தலைவர் ஆதரித்தனர். அஸீஸோ மூதவையில் அதனை எதிர்த்தார். தமிழிற் பேசி, தமிழிற் கற்ற கிழக்கு முஸ்லிம்களுக்கு அது ஏட்டளவான வாதமன்று. தம் பிள்ளை எம்மொழியில் எழுதிப் பரீட்சையில் தேறுவான் என்னும் வயிற்றுக் கேள்வியாகும். அவ்வாண்டுத் தேர்தலிலே கல்முனை காரியப்பரையும், பொத்துவில் முஸ்தபாவையும் தமிழரசுக் கட்சியின் வேட்பாளராகவே தெரிந்தனுப்பின. அவ்விருவரும் பின்னர் அரசாங்கத் தரப்புக்கு மாறினர் என்பதும் வரலாறே. காற்றடித்த திசையெல்லாம் அரசியல் சாய்ந்த அக்காலத்தில் நிமிர்ந்து நிற்றல் எளிதன்று.

1963 இல் மூதவையை விட்டு அரசாங்க சேவை ஆணைக்குழுவிற் சேர்ந்த அஸீஸ், 1973 இல் காலமானார். அவர் எழுதிய "இலங்கையில் இஸ்லாம்" அவரது தமிழுக்குச் சான்றாக நிற்கின்றது.

அவருக்குப் பின்னும் இக்கரை கல்வியை மறந்ததில்லை. கம்பளை ஸாஹிறாவின் அதிபராயிருந்து கல்வி மந்திரியான பதியுதீன் மஹ்மூதின் பெயரைக் கல்முனைப் பெண்கள் கல்லூரியொன்று தாங்கி நிற்கின்றது. ஒலுவிலிலே 1996 முதல் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் நடைபெறுகின்றது. கல்விக்கு வழிதேடிக் கல்முனைப் பிள்ளை கொழும்புக்கே போகவேண்டுமென்ற காலம் மாறிவிட்டது.

எனினும், அன்பார்ந்த வாசகர்களே, ஒன்று மாறவில்லை. ஊரில் வசதியற்ற பிள்ளையொன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கூலிக்குச் செல்லும் நாள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றது. சங்கம் அமைக்க நமக்குச் சிவில் சேவைப் பதவி வேண்டியதில்லை. ஒரு தெருவார் கூடி ஒரு பிள்ளையின் படிப்பை ஏற்றுக்கொண்டாற் போதும். பெரியார் பெயரை மண்டபத்திற்கு இடுவது நன்று. அவர் தொடங்கிய வேலையைத் தொடர்வது அதனினும் நன்று.